கலன்கோள வடிகட்டலைப் பாதிக்கும் காரணிகள்

கலன்கோள வடிகட்டல் (குளோமருலார் வடிகட்டல்) என்பது சிறுநீரகத்தினுள் நுழையும் இரத்தத்திலிருந்து நீரும் அதில் கரைந்துள்ள சிறு மூலக்கூறுகளும் அழுத்தத்தின் உதவியால் பிரிக்கப்படும் செயற்பாடு ஆகும். சிறுநீர் உருவாக்கத்தின் முதற்படி இதுவே. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் வடிகட்டும் நீர்மத்தின் கன அளவு கலன்கோள வடிகட்டல் வீதம் எனப்படும். நலமான இளம் வயதினரில் இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 125 மில்லிலீட்டர், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீட்டர் ஆகும். இதில் 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட நீர் மீண்டும் இரத்தத்தில் உறிஞ்சப்பட்டு, 1 முதல் 2 லீட்டர் வரை மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது.

இவ்வீதம் நிலையான ஒன்றன்று. இரத்த அழுத்தம், உடலின் நீர்ச்சத்து, வயது, கருவுற்ற நிலை, உட்கொள்ளும் மருந்துகள், நோய்கள், செய்யும் தொழில், வாழும் சூழல் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்கிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும் அதனை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளும் இக்காரணிகள் பலவற்றை ஒரே இடத்தில் காணக்கூடிய பகுதியாகும்.

உடற்கூற்று அடிப்படை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் (நெஃப்ரான்கள்) உள்ளன. ஒவ்வொரு சிறுநீரகத்தியின் தொடக்கத்திலும் மயிர்த்துளைக் குழாய்கள் பின்னிய ஒரு முடிச்சு காணப்படும். இதுவே கலன்கோளம் ஆகும். இதனைச் சுற்றிக் கிண்ணம் போன்ற பௌமன் உறை அமைந்துள்ளது. கலன்கோளத்திற்கு இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய் உட்செல் நுண்தமனி என்றும், அதிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் குழாய் வெளிச்செல் நுண்தமனி என்றும் அழைக்கப்படுகின்றன.

உடலின் பிற பகுதிகளில் மயிர்த்துளைக் குழாய்களுக்குப் பின் சிரை தொடங்குகிறது. சிறுநீரகத்தில் மட்டும் கலன்கோளத்தின் இருபுறமும் தமனிகளே உள்ளன. இவ்விரண்டும் தனித்தனியே சுருங்கவும் விரியவும் வல்லவை. எனவே உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் மாற்றியமைத்து, இடையிலுள்ள அழுத்தத்தைக் கட்டுப்படுத்த இயலும். வடிகட்டலைப் பாதிக்கும் காரணிகளுள் பெரும்பாலானவை இவ்விரு குழாய்களின் வழியாகவே செயற்படுகின்றன.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. கலன்கோளத்தின் வழியே செல்லும் இரத்த நீர்மத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு வடிகட்டப்படுகிறது. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் வடிகட்டும் சவ்வைக் கடப்பதில்லை. சிறுநீரில் புரதம் தொடர்ந்து காணப்படுவது இச்சவ்வு சேதமுற்றதற்கான அறிகுறியாகக் கொள்ளப்படுவது இதனாலேயே.

வடிகட்டலின் இயற்பியல்

வடிகட்டல் வீதம் இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன் ஆகும்.

வடிகட்டல் வீதம் = வடிகட்டல் கெழு × நிகர வடிகட்டல் அழுத்தம்

வடிகட்டல் கெழு என்பது சவ்வின் பரப்பையும் அதன் ஊடுபுகவிடும் தன்மையையும் குறிக்கும். நிகர வடிகட்டல் அழுத்தம் மூன்று அழுத்தங்களின் விளைவாகும். பாடநூல்களில் வழங்கும் தோராய அளவுகள் வருமாறு:

• கலன்கோளத்தினுள் இரத்தத்தின் அழுத்தம் (நீரை வெளியே தள்ளுவது): 60 மிமீ பாதரசம்
• பௌமன் உறையினுள் உள்ள நீர்மத்தின் அழுத்தம் (எதிர்ப்பது): 18 மிமீ பாதரசம்
• இரத்தப் புரதங்களின் ஊடுபரவல் அழுத்தம் (எதிர்ப்பது): 32 மிமீ பாதரசம்
• நிகர அழுத்தம்: 60 − 18 − 32 = 10 மிமீ பாதரசம்

வடிகட்டல் கெழு 1 மிமீ பாதரசத்திற்கு நிமிடத்தில் 12.5 மில்லிலீட்டர் எனக் கொண்டால், வடிகட்டல் வீதம் 12.5 × 10 = 125 மில்லிலீட்டர் எனக் கிடைக்கும்.

பெரிய அழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து எஞ்சுவது வெறும் 10 மிமீ பாதரசம் மட்டுமே என்பது இங்கு கருதத்தக்கது. கலன்கோள அழுத்தம் 60 இலிருந்து 55 ஆகக் குறைந்து பிற இரண்டும் மாறாதிருப்பின், நிகர அழுத்தம் 5 ஆகிவிடும். வடிகட்டல் வீதமும் பாதியாகிவிடும். உண்மையில் ஓர் அழுத்தம் மாறும்போது பிறவும் ஓரளவு மாறுவதால் வீழ்ச்சி இவ்வளவு கடுமையாக இராது. எனினும் சிறு அழுத்த மாற்றம் பெரும் விளைவை ஏற்படுத்தக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

தன்னியக்கச் சீரமைப்பு

ஒருவர் உறங்கும்போதும் மலையேறும்போதும் இரத்த அழுத்தம் வேறுபடுகிறது. ஆயினும் சராசரித் தமனி அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 160 மிமீ பாதரசம் வரை மாறும்போது வடிகட்டல் வீதம் பெரிதாக மாறுவதில்லை. இதற்கு இரு பொறிமுறைகள் காரணமாகும்.

• தசைவழிப் பொறிமுறை: அழுத்தம் உயர்ந்து உட்செல் நுண்தமனியின் சுவர் இழுபடும்போது, அச்சுவரிலுள்ள தசை தானாகவே சுருங்குகிறது. மிகை அழுத்தம் கலன்கோளத்தை அடையாமல் தடுக்கப்படுகிறது.
• நுண்குழல் பின்னூட்டம்: சிறுநீரகத்தியின் குழல் வளைந்து மீண்டும் தன் கலன்கோளத்தின் அருகே வருகிறது. அங்குள்ள சிறப்பு உயிரணுக்கள் குழலில் செல்லும் உப்பின் அளவை உணர்கின்றன. உப்பு மிகுந்தால் உட்செல் நுண்தமனி சுருங்கும். குறைந்தால் அது விரிவடைவதோடு ரெனின் என்னும் நொதியும் சுரக்கும்.

ரெனின் சுரப்பின் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 என்னும் பொருள் வெளிச்செல் நுண்தமனியையே மிகுதியாகச் சுருக்குகிறது. வெளியேறும் வழி குறுகுவதால், உள்ளே வரும் இரத்தம் குறைந்தபோதும் கலன்கோள அழுத்தம் காக்கப்படுகிறது. அதே நேரத்தில் புரோசுட்டாகிளாண்டின்கள் என்னும் பொருட்கள் உட்செல் நுண்தமனியைத் திறந்து வைக்கின்றன. நீரிழப்பின்போது வடிகட்டலைத் தாங்கி நிற்பவை இவ்விரண்டுமே.

பாதிக்கும் காரணிகள்

இரத்த அளவும் அழுத்தமும்

வயிற்றுப்போக்கு, வாந்தி, மிகு வியர்வை, இரத்தப்போக்கு ஆகியவற்றால் குருதிக் கன அளவு குறையும்போது, தன்னியக்கச் சீரமைப்பு ஓர் எல்லை வரை ஈடுகொடுக்கும். அதற்கப்பால் பரிவு நரம்புகள் உட்செல் நுண்தமனியையும் சுருக்கிவிடுவதால் வடிகட்டல் விரைந்து வீழ்கிறது. பெருந்தீக்காயங்களிலும் இரத்த நீர்மம் புண்பட்ட தோல் வழியே வெளியேறி இதே நிலை உண்டாகும். 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூர் அருகிலுள்ள குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய தீக்காயங்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் சிரைவழி நீர்மம் பெருமளவில் செலுத்தப்படுவதன் நோக்கங்களுள் ஒன்று சிறுநீரக வடிகட்டலைக் காப்பதாகும்.

நெடுங்கால உயர் இரத்த அழுத்தம் எதிர்த்திசையில் தீங்கு செய்கிறது. நுண்தமனிகள் தடித்துக் குறுகி, கலன்கோளங்கள் ஒவ்வொன்றாகத் தழும்பேறி அழிகின்றன.

புரத அழுத்தம்

கல்லீரல் நோயிலோ கடும் ஊட்டக்குறைவிலோ இரத்தப் புரதம் குறையும்போது வடிகட்டலை எதிர்க்கும் அழுத்தம் குறைகிறது. நீரிழப்பில் புரதச் செறிவு கூடுவதால் எதிர்ப்பழுத்தம் உயர்கிறது.

சிறுநீர்ப் பாதை அடைப்பு

சிறுநீரகக் கல், விரிவடைந்த முன்னிற்குஞ்சுரப்பி (புராசுடேட்டு) போன்றவற்றால் பாதை அடைபடும்போது அழுத்தம் பின்னோக்கிப் பரவிப் பௌமன் உறையை அடைகிறது. இதனால் வடிகட்டல் குறையும். குறைவாக நீர் அருந்துவோரில் சிறுநீர் செறிவடைந்து கல் உருவாகும் வாய்ப்பு மிகுதி.

வடிகட்டும் பரப்பு

பிறக்கும்போது பெற்ற சிறுநீரகத்திகளின் எண்ணிக்கை பின்னர் கூடுவதில்லை. ஒரு பகுதி அழிந்தால் எஞ்சியவை கூடுதலாக உழைத்து ஈடுசெய்கின்றன. நீரிழிவின் தொடக்கத்தில் வடிகட்டல் வீதம் இயல்பைவிட உயர்ந்து காணப்படுவதுண்டு. இது நலத்தின் அடையாளமன்று. கலன்கோளங்களின் மீதான மிகைச் சுமையின் அடையாளமாகும். காலப்போக்கில் சவ்வு சேதமுற்று வீதம் வீழ்கிறது.

வயது, கருவுற்ற நிலை, உணவு

நடுவயதிலிருந்து வடிகட்டல் வீதம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிலீட்டர் என்னும் அளவில் குறைகிறது. கருவுற்ற காலத்தில் இது ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்கிறது. புரதம் மிகுந்த உணவு உண்டபின் சில மணி நேரத்திற்கு வீதம் கூடுகிறது.

மருந்துகளும் நச்சுப்பொருட்களும்

• வலிநிவாரணிகள்: டைக்குளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை புரோசுட்டாகிளாண்டின் உருவாக்கத்தைத் தடுக்கின்றன. நலமான உடலில் ஓரிரு மாத்திரைகளால் பெரும்பாலும் மாற்றம் தெரிவதில்லை. நீரிழப்புற்ற உடலில் உட்செல் நுண்தமனியைத் திறந்து வைக்கும் ஒரே துணை நீங்கிவிடுவதால் வடிகட்டல் திடீரென வீழக்கூடும். உடல்வலிக்காக மருத்துவர் சீட்டின்றி இவற்றை நாள்தோறும் உட்கொள்ளும் வழக்கம் உடலுழைப்புத் தொழிலாளர்களிடையே பரவலாக உள்ளது.
• இரத்த அழுத்த மருந்துகள்: எனலாபிரில், லோசார்ட்டன் போன்றவை வெளிச்செல் நுண்தமனியை விரிக்கின்றன. இதனால் வீதம் தொடக்கத்தில் சற்றுக் குறைந்தாலும், கலன்கோள அழுத்தம் தணிவதால் நீண்டகாலத்தில் சிறுநீரகம் காக்கப்படுகிறது. கடும் வயிற்றுப்போக்கின்போது இவற்றைத் தொடர்வது பற்றி மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.
• மூலிகைகள், காய்கனிகள்: ஆடுதின்னாப்பாளை இனச் செடிகளில் உள்ள அரிசுட்டலோக்கிக் அமிலம் சிறுநீரக நுண்குழல்களை நிலையாகச் சேதப்படுத்துவதோடு புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. ஆக்சலேட்டு மிகுந்த பிலிம்பிக்காய்ச் சாற்றையும் நட்சத்திரப்பழச் சாற்றையும் பெருமளவில் அருந்தியோருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டமை மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.

போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவுகளும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மழைமறைவுப் பகுதியில் அமைந்த நகரமாகும். இங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் மலைச்சாலை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டை அடைகிறது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்-ஏல மையம் இந்நகரில் உள்ளது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளைச் சேர்ந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியற்காலையில் ஜீப்புகளில் புறப்பட்டுக் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர்.

சிறுநீரக வடிகட்டல் நோக்கில் இப்பகுதி வாழ்க்கையின் கூறுகள் பின்வருமாறு பகுக்கத்தக்கவை.

வெப்பம்: அடிவாரத்தில் கோடைக்கால வெப்பம் கடுமையானது. வெயிலில் கடும் உழைப்பின்போது மணிக்கு 1 லீட்டர் வரையிலும் வியர்வை வெளியேறக்கூடும். மலைமேல் ஏலச்செடிகள் மரநிழலில் வளர்வதால் வெப்பம் குறைவு. ஆயினும் குளிர்ந்த சூழலில் தாகவுணர்வு மங்குவதால் நீரிழப்பு உணரப்படாமல் போகலாம். ஏலக்காய் உலர்த்தும் அறைகளில் 50 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் பேணப்படுகிறது; அங்கு சென்று காய்களைக் கிளறுவோர் மலைமேலும் வெப்பத்திற்கு ஆளாகின்றனர். பூச்சிமருந்து தெளிப்போர் அணியும் காற்றுப்புகாப் பாதுகாப்பு உடைகளும் வியர்வை ஆவியாவதைத் தடுக்கின்றன.

உயரம்: மிக உயர்ந்த மலைகளில் ஆக்சிசன் குறைவு சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். போடிமெட்டு உயரம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. இங்கு ஏற்றத்தின் விளைவு உழைப்பாலும் வியர்வையாலும் வருவதே.

கழிப்பிட வசதி: தோட்டங்களிலும் நெடும்பயணத்திலும் கழிப்பிடம் இல்லாத நிலையில், பெண்கள் வேண்டுமென்றே நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர். சிறுநீரை அடக்குவதும் குறைவாக நீர் அருந்துவதும் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் கல் உருவாக்கத்திற்கும் வழிசெய்கின்றன. கழிப்பிடத்தின் இருப்பும் இவ்வாறு சிறுநீரக நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகிறது.

பாம்புக்கடி: கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்த உறைவைக் குலைத்து, குருதியழுத்தத்தைக் குறைத்து, நுண்குழல்களை நேரடியாகவும் தாக்குவதால் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு உண்டாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் காணப்படும் தூக்கிய மூக்குடைய குழிவிரியனின் கடியும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. இந்தியாவில் வழங்கும் பன்முக நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகவே தயாரிக்கப்படுகிறது. குழிவிரியனுக்கு அது பயன்தருவதில்லை.

தொற்றுகள்: எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவை ஈரநிலத்திலும் புதர்களிலும் உழைப்போரைத் தாக்குகின்றன. காலத்தே கண்டறிந்தால் இவற்றை எளிய நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் குணப்படுத்த முடியும். காலந்தாழ்த்தினால் சிறுநீரகம் உள்ளிட்ட பல உறுப்புகள் செயலிழக்கலாம்.

பூச்சிக்கொல்லிகள்: ஏலச்சாகுபடியில் பூச்சிக்கொல்லிகள் மிகுதியாகப் பயன்படுத்தப்படுகின்றன. கரிமப் பாசுபேட்டு வகை முதன்மையாக நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. பாராகுவாட்டு களைக்கொல்லியை உட்கொள்ள நேர்ந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் சிதைவுறும். குறைந்த அளவில் பல ஆண்டுகள் இவற்றோடு புழங்குவது நாட்பட்ட சிறுநீரக நோயை உண்டாக்குகிறதா என்பது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை.

வெப்பமும் காரணம் அறியா நாட்பட்ட சிறுநீரக நோயும்

நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத உழவுத் தொழிலாளர்களிடம் வடிகட்டல் வீதம் படிப்படியாக வீழ்வது உலகின் பல வெப்பப் பகுதிகளில் கண்டறியப்பட்டுள்ளது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள், இலங்கையின் வடமத்திய மாகாணம், ஆந்திரப் பிரதேசத்தின் சிறீகாகுளம் மாவட்ட உத்தானம் பகுதி ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. இலங்கையில் இந்நோய் 1990களின் நடுப்பகுதியிலிருந்து நெல் உழவர்களிடையே பதிவாகி வருகிறது.

தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளர்களிடையே நடைபெற்ற ஆய்வுகள், அவர்களுள் பெரும்பாலோர் பரிந்துரைக்கப்பட்ட எல்லைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதையும், சிலரிடம் வடிகட்டல் வீதம் குறைந்திருப்பதையும் காட்டின. 2023இல் வேளாண் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்ட ஆய்விலும், சிறுநீரகப் பாதிப்பு கண்டறியப்பட்டோரில் கணிசமானோரிடம் வழக்கமான காரணங்கள் எவையும் காணப்படவில்லை.

மீண்டும் மீண்டும் நிகழும் நீரிழப்பு, தசைச் சிதைவு, யூரிக் அமில உயர்வு, குடிநீரிலுள்ள பொருட்கள், வேளாண் வேதிப்பொருட்கள், வலிநிவாரணிகள் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் தனியே போதுமான விளக்கமாக ஏற்கப்படவில்லை; இடத்திற்கு இடம் காரணங்கள் வேறுபடலாம். எனினும் மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றும் முறையாக வழங்கப்பட்டபோது தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தமை பதிவாகியுள்ளது.

அளவிடும் முறைகள்

வடிகட்டல் வீதத்தை நேரடியாகக் காண இயலாது. முழுமையாக வடிகட்டப்பட்டு, மீள உறிஞ்சப்படாத, புதிதாகச் சுரக்கப்படாத பொருள் ஒன்று எவ்வளவு விரைவில் இரத்தத்திலிருந்து நீங்குகிறது என்பதைக் கொண்டு கணக்கிடலாம். இனுலின் என்னும் தாவர மாவுப்பொருள் இத்தகையது. நடைமுறையில், தசைகளிலிருந்து இயல்பாக உருவாகும் கிரியேட்டினின் அளவே பயன்படுகிறது. 1976இல் வெளியான காக்கிராப்டு–கால்ட்டு வாய்பாடு மிக எளியது:

(140 − வயது) × எடை ÷ (72 × இரத்தக் கிரியேட்டினின்)

பெண்களுக்கு விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். எடை கிலோகிராமிலும் கிரியேட்டினின் டெசிலீட்டருக்கு மில்லிகிராமிலும் அமையும்.

எடுத்துக்காட்டாக, இருவரின் ஆய்வறிக்கையில் கிரியேட்டினின் 1.0 என்றே உள்ளதாகக் கொள்வோம். 70 கிலோ எடையுள்ள 25 வயது ஆணுக்கு விடை ஏறத்தாழ 112 மில்லிலீட்டர். 45 கிலோ எடையுள்ள 50 வயதுப் பெண்ணுக்கு ஏறத்தாழ 48 மில்லிலீட்டர். இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி உடல் அளவால் வருவது. ஆயினும் 'இயல்பு' என அச்சிடப்படும் ஒரே எண், தசை குறைந்த மெலிந்த உடலில் சிறுநீரக இழப்பை மறைத்துவிடக்கூடும். இருக்கும் வடிகட்டல் திறனில் ஏறத்தாழ பாதி இழக்கப்படும் வரை கிரியேட்டினின் இயல்பு எல்லைக்குள்ளேயே இருக்கலாம்.

தற்போது 2009, 2021 ஆம் ஆண்டுகளில் வெளியான மேம்பட்ட வாய்பாடுகள் ஆய்வகங்களில் பயன்படுத்தப்படுகின்றன. உடற்பரப்பு 1.73 சதுர மீட்டருக்குச் சரிசெய்யப்பட்ட வீதத்தைக் கொண்டு நிலைகள் வகுக்கப்படுகின்றன:

• முதல் நிலை: 90 அல்லது அதற்கு மேல்
• இரண்டாம் நிலை: 60 – 89
• மூன்றாம் நிலை: 30 – 59
• நான்காம் நிலை: 15 – 29
• ஐந்தாம் நிலை: 15க்குக் கீழ்

முதல் இரு நிலைகளில் சிறுநீரில் புரதம் போன்ற வேறு சேத அறிகுறி இருந்தால் மட்டுமே நோய் எனக் கொள்ளப்படும். குறைபாடு 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்டது எனப்படும். ஐந்தாம் நிலையில் பலருக்கும் காலப்போக்கில் குருதி தூய்மிப்போ (டயாலிசிசு) சிறுநீரக மாற்றோ தேவைப்படுகிறது.

பாதுகாப்பு

வடிகட்டல் வீதக் குறைவு நெடுங்காலம் அறிகுறியின்றி இருக்கும். சிறுநீர் வழக்கம்போல் வெளியேறுவதே சிறுநீரகம் நலமாக உள்ளதற்குச் சான்றாகாது. பின்வருவன பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன:

• வெப்பத்தில் உழைப்போர் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துதல். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லீட்டருக்கு மேல் அருந்துவது தீங்காகலாம். சிறுநீரகச் செயலிழப்போ இதயநோயோ உள்ளவர்கள் மருத்துவர் கூறிய அளவையே பின்பற்றவேண்டும்.
• நிழலில் இடைவேளையும், பணியிடத்தில் கழிப்பிடமும்.
• வலிநிவாரணிகளைத் தாமாகத் தொடர்ந்து உட்கொள்ளாமை.
• பாம்புக்கடிக்கு உடனடி மருத்துவமனைச் சிகிச்சை.
• நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோரும், வெப்பத்தில் பல ஆண்டுகள் உழைப்போரும் ஆண்டுக்கொருமுறை இரத்தக் கிரியேட்டினினையும் சிறுநீர்ப் புரதத்தையும் சோதித்தல்.

2021இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகள் வீடுகளிலேயே வழங்கப்படுகின்றன.

வரலாறு

1842இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பௌமன் கலன்கோளத்தையும் அதனைச் சூழ்ந்த உறையையும் விளக்கினார். அதே காலத்தில் செருமனியின் கார்ல் லூத்விக், சிறுநீர் அழுத்தத்தால் வடிகட்டப்பட்டே உருவாகிறது என்னும் கருத்தை முன்வைத்தார். 1890களின் இறுதியில் எர்னசுட்டு சுட்டார்லிங் புரதங்களின் ஊடுபரவல் அழுத்தம் வடிகட்டலை எதிர்க்கிறது என்பதைக் காட்டினார். 1924இல் அமெரிக்காவில் வேர்ன், ரிச்சர்ட்சு ஆகியோர் தவளையின் ஒற்றைக் கலன்கோளத்திலிருந்து வடிநீரை எடுத்து ஆய்ந்து, அதில் புரதம் இல்லாததை மெய்ப்பித்தனர். 1930களில் ஓமர் சிமித்தும் பிறரும் இனுலின் முறையை மனிதரில் நிலைநாட்டினர். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடைபெற்றது.

இவற்றையும் பார்க்க

• சிறுநீரகம்
• சிறுநீரகத்தி
• நாட்பட்ட சிறுநீரக நோய்
• ஏலமலை
• போடிநாயக்கனூர்